ராத்தா அழவில்லை

ஓடுகிறோம். பின்னால் ஒரு வெடி. ஐந்து எண்ணுவதற்குள் அடுத்தது. மருதமுனைத் தெருவில் மணல் எழும்புகிறது. வியாழக்கிழமை. பின்னேர அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான். எண்பதுகளின் நடுப்பகுதி, கிழக்கிலங்கையில் சண்டைக் காலம். யார் ஷெல் அடித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"படுங்க! எல்லாரும் கீழ படுங்க!" யாரோ கத்துகிறார்கள்.

நான் படுக்கவில்லை. தறிக்கொட்டிலில் ராத்தா இருக்கிறாள். என் ஒரே சகோதரி, என்னிலும் பத்து வயது மூத்தவள். உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான்.

போய்ச் சேர்ந்தேன். கொட்டிலின் தென்னங்கிடுகுக் கூரை இல்லை. வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்தி ராத்தா. மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கறுப்பு முக்காட்டை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. மற்றவள் சொறிக்கல்முனைத் தமிழ்ப் பெண். புருஷனுக்கு உடுக்கச் சாரன் வாங்க அவரோடு வந்தவள். அவருக்குத் தொடையில் காயம். அவள் தலைவிரிகோலமாய் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

அவளை எனக்கு முன்பின் தெரியாது. ஆனாலும் என் கண் நிறைந்தது. அவளிடம் ஓடினேன். அயலவர்களும் ஓடிவந்தார்கள். தறியில் கிடந்த துணியைக் கிழித்துக் காயத்தைக் கட்டினோம். உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் அவரைத் தூக்கி ஏற்றினோம். எல்லோரும் அழுதோம்.

ராத்தாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். திக்ர் ஓதுகிறாள், அல்லாஹ்வின் பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் ஒப்பாரி கிடையாது. குரலெடுத்து அழுவது பாவம், ஸபுர் செய்து பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லி வைப்பார்கள். கஷ்டத்தில் வாய் திறக்காதவளை ஈமான் உள்ளவள், இறைநம்பிக்கை உறுதியானவள் என்று மெச்சுவோம். நானும் மெச்சினேன். அல்லாஹ் என் ராத்தாவைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன். உனக்கு ஒன்றுமில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடையன் நான்.

மெசின் உறுமுகிறது. பெட்டிக்குள் அந்தத் தமிழ்ப் பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது.

"காக்கா, அங்க பாருங்க. அவங்கட கண் இமைக்குதில்ல." ராத்தாவைக் காட்டி, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னிடம் சொன்னாள்.

ஓடிப்போய் முக்காட்டை விலக்கினேன். விலாவில் ஷெல் சில்லு பாய்ந்த காயம். கறுப்புத் துணியில் இரத்தம் தெரியவில்லை. கீழே மணல் குடித்திருந்தது. மூச்சு மட்டும் இருந்தது.

அந்தப் பெண் குதித்து இறங்கினாள். ராத்தாவை என்னோடு சேர்ந்து தூக்கினாள். புருஷனை ஓரமாய் நகர்த்தி இடம் செய்தாள். ராத்தாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்முனை ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. பாண்டிருப்பைத் தாண்டும்போது ராத்தாவின் மூச்சு நின்றது. அவள் மறுபடி மாரில் அடித்து அழுதாள். இந்த முறை என் ராத்தாவுக்காக. எங்கள் ஆண்கள் நான்கு பேர் பெட்டியில் இருந்தோம். ஒருவரும் அவளை அடக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வரவில்லை.

அவளுடைய புருஷன் பிழைத்துக்கொண்டார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். சில வேளைகளில் அந்தச் சந்தோஷமும் சுடும்.

இழந்ததை எழுதி வைக்கிறேன். கொட்டில் ஒன்று. தறி மூன்று. பாதி நெய்த சாரன் ஒன்று. என் ராத்தா, வயது முப்பத்தாறு. அழுதவளிடம் ஓடியவர்கள் பதினொரு பேர். ராத்தாவிடம் ஓடியவர்கள் ஒருவருமில்லை. அந்தப் பதினொரு பேரில் முதலாவதாக ஓடியவன் நான்.