கீறல் எடுத்த கண்ணாடி

மூக்குக்கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைக்கக் கூடாது ஐயா. இப்போது துடைத்தீர்களே, அப்படித்தான் கீறல் விழும். நான் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி தேய்க்கிறவன்.

விபத்து என்று எழுதி மூடிய வழக்குக்கு இவன் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியதுதான். சந்தேகப்படத் தெரியாதவன் ஏமாளி.

செத்துப்போன சந்திரகலா என் தங்கை. அம்மா போனபோது அவளுக்கு மூன்று வயது. பத்து வருடம் நான்தான் தினமும் தலைவாரி, இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன். கல்யாணமாகி ரெட்டியார்பாளையம் போன பிறகும் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவேன், சொல்லாமல். சொல்லிவிட்டுப் போனால் எல்லார் வீடும் நல்ல வீடுதான்.

மாப்பிள்ளை சக்கரபாணிக்கு உப்பளம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. மோட்டார் சைக்கிளில் போய்வருவார். பிரான்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த அவருடைய அண்ணன் ஒரு ஹெல்மெட் அனுப்பியிருந்தார். அந்த மாதிரி முன்கண்ணாடி இங்கே கிடைக்காது. கீறல் விழுந்தால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். கொண்டுவருவார், தேய்த்துக் கொடுப்பேன்.

இந்த வருடம், எண்பத்து நாலில், தை மாதம் மட்டும் மூன்று முறை வந்தார்.

"எப்படி மாப்ளே இவ்ளோ கீறல்?"

"ஸ்டாண்டு சரியா போடல மச்சான், வண்டி சாஞ்சிடுச்சி" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளே பஞ்சில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. கூடவே காய்ந்த மல்லிகைக் காம்பு. நெருப்பில்லாமல் புகையுமா?

அந்த வாரம் தங்கையைப் பார்க்கப் போனேன். முழங்கையில் சிராய்ப்பு.

"தவலையத் தூக்கும்போது இடிச்சிக்கிட்டேண்ணா. இதையெல்லாமா கேப்ப?" என்றாள். கீறலோடு அவர் வருவதெல்லாம் திங்கட்கிழமை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை எங்கே போகிறார் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்று சிரித்தாள். அழுதிருந்தால்கூட விட்டிருப்பேன். சிரிப்பது, புருஷனைக் காட்டிக்கொடுக்காத பெண் செய்கிற காரியம். அவன் எவளையோ வைத்திருக்கிறான், இவள் கேட்டிருக்கிறாள், அடித்திருக்கிறான். எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

அடுத்த முறை கொண்டுவந்தபோது கீறலை எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன். ஆனால் முரட்டுத் தூளில் தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியில் போட வேண்டிய மெல்லிய தூளைப் போடவில்லை. மேலே துளி எண்ணெய் தடவினேன். எண்ணெய் இருக்கிற வரை பளிங்குதான். துடைத்த பிறகு எதிர்வெயில் பட்டால் போதும், பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். மாப்பிள்ளை வேலை முடிந்து மேற்கே பார்த்துப் போகிறவர். விழுப்புரம் ரோட்டில் அந்த நேரம் சூரியன் நேராக முகத்தில் இருக்கும். மணல் லாரிகள் வருவதும் அப்போதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் நடக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு மதியம் வந்து வாங்கிக்கொண்டார். "உங்க கைவேல யாருக்கு வரும் மச்சான்" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆள் வந்து கூப்பிட்டது. வண்டி மணல் லாரியில் மோதியிருந்தது. ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கால் உடைந்து கிடந்தார். தங்கையை அதற்குள் துணியால் மூடிவிட்டிருந்தார்கள்.

"கனகசெட்டிக்குளத்துல அவளுக்கு நர்ஸ் வேலை கெடச்சிருக்கு மச்சான்" என்று அழுதார். "குப்பம் குப்பமா போவணும். அதான் ஞாயித்துக்கிழமைல உப்பளம் மைதானத்துல வண்டி கத்துக்குடுத்தேன். எத்தினி தடவ வுழுந்தா தெரியுமா? உங்களுக்குத் தெரிஞ்சா வுட மாட்டீங்கன்னு, சொல்லக் கூடாதுன்னுட்டா. இன்னிக்குதான் மொத மொதல்ல விழுப்புரம் ரோட்டுக்கு வந்தா. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். என் பேண்ட்டு சட்டையப் போட்டுக்கிட்டு, யாராச்சும் பாத்து உங்ககிட்ட சொல்லிடுவாங்கன்னு கண்ணாடிய எறக்கி வுட்டுக்கிட்டா. எங்க அண்ணன் தேச்ச கண்ணாடின்னு சொல்லி, சட்டை நுனியால நல்லா தொடச்சி…"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆக, நான் கொல்ல நினைத்தது சக்கரபாணியை. கொன்றது என் தங்கையை. இரண்டையும் என் பெயரிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த அந்த முடி இதோ, அன்றைக்கே எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். சந்திரகலாவுடையது என்று மாப்பிள்ளை சாதிக்கிறார். பத்து வருடம் என் கையால் பின்னின முடி எனக்குத் தெரியாதா? வேறு எவளோ ஒருத்தி இருக்கிறாள் ஐயா. விசாரியுங்கள்.