சனிக்கிழமை தண்ணி வாக்கிறம்

இல்லையக்கா, பிறந்தநாள் இல்லை. சாமத்தியச் சடங்கு. உங்கட பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சத்தண்ணி ஊத்துறதெண்டு சொல்லுவியளே, அதுதான். சனிக்கிழமை பத்து மணிக்கு, எங்கட அபார்ட்மென்டில. நீங்கள்தான் தண்ணி வாக்கோணும், மரகதமக்கா. இந்த டெக்சாஸில எனக்கு வேற ஆர் இருக்கினம்?

சிரிக்காதேங்கோ. இவர் ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு திரியிறார். ரிச்சர்ட்சனில இருக்கிற எஞ்சினியர்மார் முழுப்பேரும் தன்னைப் பாத்துச் சிரிப்பினமாம். சிரிக்கட்டுமன்! நான் கேக்கும் ஓடர் பண்ணியாச்சு. அதில என்ன எழுதிறதெண்டு கடைக்காரி கேட்டாள். கங்கிராஜுலேசன்ஸ் எண்டு மட்டும் எழுதச் சொன்னன். மிச்சத்தைச் சொன்னா அவள் மயங்கி விழுந்திடுவாள்.

பிள்ளை ஆரோ? பொறுங்கோ, சொல்லுறன்.

தொண்ணூத்தஞ்சில யாழ்ப்பாணத்தை விட்டு ஓடினமெல்லே, ஒரு பள்ளிக்கூடத்தில சனம் நெருக்கியடிச்சுக் கிடந்தது. சவுக்காரம் இல்லை. துணியைத் துவைச்சாக் காயப்போட மறைவில்லை. குண்டு போடுற பொம்மர் வந்தா ஈரத்தோடயே பங்கருக்குள்ள பாயோணும். பேந்து வன்னிக் காட்டில பட்டினி. அங்கதான் ஒவ்வொருத்தியாச் சொல்லத் தொடங்கினாளவை, மாசாமாசம் வாறது நிண்டுபோச்செண்டு. எனக்கும்தான். நாங்கள் என்ன, அழுதமெண்டோ நினைக்கிறியள்? துணி மிச்சமெண்டு விழுந்து விழுந்து சிரிச்சம். சண்டையால கிடைச்ச ஒரே லாபமெண்டு பகிடி வேற.

இஞ்ச வந்து கலியாணம் கட்டின பிறகுதான் அந்தப் பகிடி கசந்தது. பிள்ளை வேணுமெண்டு டொக்டரிட்டப் போனா, அந்த மனிசி சொல்லுது, பட்டினியும் பயமும் உடம்பை இப்பிடி நிப்பாட்டிப்போடுமாம். திரும்பி வரலாமாம், வராமலும் விடலாமாம். அந்த நாளில இருந்து கடையில மாசத்துக்கு வைக்கிற பாட் அடுக்கி வச்சிருக்கிற பக்கம் நான் போறேல்ல. கண்டா அழுகை வரும்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்துக்குத்தான் ஓடினன், ஒரு கால்ல இவற்ற செருப்போட.

என்னக்கா வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறியள்? ஓம், நான்தான் பிள்ளை. முப்பத்திமூண்டு வயசுப் பிள்ளை. முதல்தரம் அம்மா ஊரைக் கூட்டித் தண்ணி வாத்தவ. அவ வன்னியில மலேரியாவில செத்துப்போனா, மருந்து கிடைக்கேல்ல. இருந்திருந்தா உங்களுக்கு ஏன் கரைச்சல் தாறன்?

சுடுதண்ணியா ஊத்துங்கோ என்ன, டிசம்பர் குளிர்.