மகனை விட ஒரு வீடு

“பெத்த மகன ஊட்டுக்குக் கூட்டிவர மருமகன்ட உத்தரவு வேணுமாம், ராத்தா!”

கல்முனையில் புறப்பட்ட பஸ்ஸில் முன் ஆசனத்துப் பெண் இப்படிக் கத்தியதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சைக்கிள் களவில் பிடிபட்ட மகனை நீதிமன்றம் ஒரு மாதத்துக்குச் சிறுவர் இல்லத்தில் வைத்திருக்கிறதாம். நாளைக்கு வழக்குத் தவணை. பொறுப்பெடுக்க ஒரு வீடு இருந்தால்தான் விடுவார்களாம்.

“உன்ட ஊடு இரிக்கிதானே?” என்றாள் பக்கத்திலிருந்த, அவள் ராத்தா என்றழைத்த அக்கா முறைக்காரி.

“அத மகளுக்குச் சீதனமா எழுதியாச்சே. நான் பின்னால குசினிக்குள்ள அடுப்போட கிடக்கன். களவெடுத்தவன் இஞ்ச வந்தா தன்ட உம்மா ஊட்டுக்குப் போயிருவன் எண்டு மருமகன் ஒத்தக்கால்ல நிக்கார்.”

“மகள் என்ன சொல்றா?”

“அழுறா. அழுகையக் கோட்டுல எடுப்பாங்களா?”

“அப்ப அவனுக்கும் சீதன ஊட்டோட ஒரு பொம்புளயப் பாரு.”

“பதினஞ்சு வயசு! கோட்டுல நிக்கிறவனுக்கு எந்த விசரன் ஊடு கட்டிக் குடுப்பான்?”

பஸ் சாய்ந்தமருதைத் தாண்டியது. பிறகு அந்தத் தாயே சொன்னாள்:

“நாளைக்கு நீதவான்ட்ட கேக்கப் போறன். ஊடில்லாததுக்குத்தான் அவன அங்க வைக்கிற எண்டா, என்னையும் அவனோட போடுங்க ஐயா எண்டு.”