கணக்கெடுப்பில் விடுபட்ட வீடு

புள்ளியியல் புலமையில் பொலிந்த பெருந்தகையே, தோட்டத்து மக்களின் துயருக்குத் துணை நின்ற தூய நெஞ்சே, முனைவர் லோகேஸ்வரி அமிர்தலிங்கம் அம்மையீர், வணக்கம்!

ரந்தாவ் அருகே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எண்ணும் எழுத்தும் பயின்று, பல்கலைக்கழகம் ஏகிப் புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்றீர்கள். தலைநகரில் தேடி வந்த பதவியைத் தள்ளிவிட்டுச் சிரம்பானுக்குத் திரும்பி, இருபத்தாறு ஆண்டுகள் இந்த மனநல ஆய்வகத்தைக் கட்டிக் காத்தீர்கள். மனநோய் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பிய தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில், "சாப்பாடு இறங்குதா, தூக்கம் வருதா" என்று கேட்கச் சொல்லி எங்களை அனுப்பினீர்கள். மக்கள் பேசினார்கள். அந்த விடைகளை முன்வைத்து வாதாடித்தான் ரந்தாவுக்குத் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரைப் பெற்றுத் தந்தீர்கள்.

புகழை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தோம். முடியவில்லை.

கணக்கெடுப்பவரின் குடும்பத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் விடை ஒருபக்கம் சாயும் என்பது நீங்கள் வகுத்த விதி. ஆய்வு நூல்களும் அதையே சொல்கின்றன. எங்களில் ஒருவரான புனிதன் அந்த விதிப்படி நானூறு வீடுகளுக்கு நடந்தார், தம் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். மூன்றாண்டுக்கு முன் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். முந்தைய நாள் மாலைவரை அடுத்த மேசையில் அமர்ந்து அவரோடு சேர்ந்து எண்களைக் கூட்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இழவு வீட்டில் அவர் தாயார் மங்கம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மவன் எஸ்டேட்டு முழுக்கப் போயி எல்லாரையும் கேட்டான் லா, டாக்டர். அவன ஏன் யாரும் கேக்கல?"

மறுநாள் நீங்கள் அந்த விதியை உங்கள் கையாலேயே அடித்து நீக்கினீர்கள். அன்றுமுதல் திங்கட்கிழமைதோறும் வேலை தொடங்குமுன் எங்களை ஒவ்வொருவராக அழைத்து நலம் கேட்டீர்கள். எங்களில் நஸ்ருதீன் சிகிச்சைக்குப் போனது அப்படித்தான். இதை இங்கே எழுதச் சொன்னவரும் அவரே.

இப்போது நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; உங்கள் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆலோசகரின் ஒப்பந்தமும் இம்மாதத்தோடு முடிகிறது. உங்கள் கடைசி அறிக்கையிலும் தற்கொலைகளின் எண்ணிக்கை குறையவில்லை. இத்தனை ஆண்டும் வீண்தானா என்று போன வாரம் கேட்டீர்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். அந்த எண்களை வைத்துக்கொண்டு உங்களிடம் எதைச் சொல்லித் தேற்றுவது?

அம்மையீர், எங்களை வாரந்தோறும் கேட்ட உங்களை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. புனிதனுக்குச் செய்த அதே தவற்றை மூன்றாண்டாக உங்களுக்கும் செய்திருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

பாரோயில் நீங்கள் தனியே இருக்கும் வீட்டுக்கு வரும் திங்கள் காலை மூவரும் வருவோம். பேச முடிந்தால் பேசுங்கள், முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். நீங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழவேண்டும். இன்னொருவரை இழக்க எங்களால் ஆகாது.

ஆய்வகத்தில் எஞ்சியிருக்கும் ஊழியர்கள்
மாதவி, நஸ்ருதீன், ஷாமினி
சிரம்பான்