சௌதாமினி தேவியின் ஊக்கு

இல்லண்ணே, திருடச் சொல்லல. மாத்தி வைக்கத்தான் கேக்குறேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு ஊக்கு இருக்கு, என் கைலயும் ஒரு ஊக்கு இருக்கு. நீங்க பெட்டியத் தொறந்தீங்கன்னா அத எடுத்துட்டு இத வச்சுருவேன். ஒரு நிமிஷ வேல. எலெக்ட்ரீஷியனெல்லாம் சாப்பிடப் போயிருக்காங்க. கேமராவா? அதப் பாக்குற ஆளே நீங்கதான.

பேரு எப்படித் தெரியுமா? சட்டையில குத்தியிருக்கீங்களே, விஸ்வநாதன்னு. அதப் பாத்துட்டுத்தான் தமிழ்ல ஆரம்பிச்சேன். கார்டன் ரீச்லயா இருக்கீங்க? ஓ, கப்பல் கட்டுற யார்டுல செக்யூரிட்டியா இருந்து ரிட்டையர் ஆனவரா. அதான் இந்த மொறப்பு. நமக்கு மதுரண்ணே. பேரு ஜெயந்த். இந்த நகைக்கடையோட லோகோ போட்டது நான்தான். வாசல்ல இருக்கு, பையில இருக்கு, உங்க சட்டப் பையிலயும் தச்சிருக்கு பாருங்க, எல்லாம் நான் வரைஞ்சது.

ஆறு மாசம் ஆச்சு அத வரைய. சிரிக்காதீங்க. மொதலாளி சுஜித் பாபு மொதல்ல மயில் கேட்டாரு. போட்டேன், பட்டுப்புடவக்கட மாதிரி இருக்குன்னாரு. சங்கு போட்டேன், மிட்டாய்க்கடன்னாரு. தாமர போட்டேன், வேற ஞாபகம் வருதுன்னாரு. ஹௌரா பாலத்தப் போட்டேன், என்னைய ஒரு பார்வ பாத்துட்டு டீ சொன்னாரு. அவரு பொண்ணு மஹிமா வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தது. அது சொல்லுச்சு, ராஜ களை இருக்கணும், ஆனா இருக்குன்னு தெரியக்கூடாதாம். நான் அத நோட்டுல எழுதிக்கிட்டேன், தேதி போட்டு. இந்தத் தொழில்ல நகையோட வெல ஏற ஏற படம் சின்னதாயிட்டே போகும்ணே. ரொம்பப் பெரிய எடம்னா வெறும் வெள்ளத் தாளு, ஓரத்துல கொசு மாதிரி ஒன்னு. அந்தக் கொசுவ எங்க உக்கார வைக்கணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் டிசைனர்னு பேரு.

நாப்பத்தொன்னு வரைஞ்சு நாப்பத்தொன்னும் போச்சு. நாப்பத்திரெண்டாவதுதான் இந்த ஊக்கு.

எப்படித் தோணுச்சா? ஜூலை மாசம் ஒரு எடத்துல உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போக முடியாத எடம். மஹிமா போன் பண்ணி நாளைக்குக் காட்டியே ஆகணும்ங்குது. சட்டப் பையில கைய விட்டா ஊக்கு வந்துச்சு. கெடந்த தாள்ல வச்சு சுத்தி ஒரு கோடு இழுத்தேன். கீழ ஒரு சுழி, மேல ஒரு தொப்பி. முடிஞ்சு போச்சு. எந்த எடமா? அத விடுங்க, இப்ப அதுவா முக்கியம்.

மறுநா கொண்டு போய்க் காட்டுறேன். ஒருத்தரும் பேசல. பிடிக்கலன்னா ஒடனே சொல்லிருவாங்க, அதனால பிடிச்சிருக்குன்னு புரிஞ்சிருச்சு. அப்ப மஹிமா கேக்குது, இதுக்குக் கத என்னன்னு. லோகோ மட்டும் குடுத்தாப் பத்தாதுண்ணே, கதயும் சேத்துக் குடுக்கணும். நான் கத எதுவும் கொண்டு போகல. நிமிந்து பாத்தா சுவத்துல கடைய ஆரம்பிச்சவரோட சம்சாரம் படம். சௌதாமினி தேவி, அவங்க பேருதான கடைக்கே. இங்க கல்யாணமான பொம்பளைங்க சங்கு வளையலோட ஒரு இரும்பு வளையலும் போடுவாங்கல்ல, அதுல ஊக்கு மாட்டித் தொங்க விட்டிருப்பாங்க. நம்மாளுங்க தாலிக்கொடில மாட்டிக்கிற மாதிரி. படத்துல மணிக்கட்டுக்கிட்ட ஒரு கறை இருந்துச்சு, பூஞ்சக் காளான். நான் அதக் காட்டி, அந்த ஊக்குதான் இதுன்னேன்.

எல்லாரும் எந்திரிச்சுப் போய் பாத்தாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. பிசிமான்னு ஒருத்தங்க இருக்காங்கல்ல, சுஜித் பாபுவோட அத்த, எம்பத்தொம்பது வயசு, அந்த சௌதாமினியோட சொந்த மக. அவங்க அழுதுட்டாங்க. அம்மா எனக்கு அதாலதான் முள்ளு எடுத்து விடுவாங்கன்னு சொல்றாங்க. நான் கெளப்பி விட்ட பொய்யிக்கு அவங்ககிட்ட முள்ளே இருந்துச்சுண்ணே, நான் என்ன பண்றது.

தப்பு அதுக்கப்புறம் நடந்தது. அளவு காட்டுறதுக்காக நான் ஊக்க மேஜ மேல வச்சிருந்தேன். பிசிமா அத எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தாங்க, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாங்க. எங்கருந்து கண்டுபிடிச்சன்னு என் கன்னத்தத் தடவுனாங்க. அம்மா நீங்க தப்பா நெனச்சுட்டீங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள சுஜித் பாபு மூக்க உறிஞ்சுட்டாரு. வாய மூடிக்கிட்டேன்.

இப்பக் கண்ணாடிப் பெட்டி, வெல்வெட்டு, மூணு விளக்கு. சௌதாமினி தேவியின் ஊக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்னுன்னு போர்டு. அந்த எழுத்த எடுத்துக் குடுத்ததும் நான்தான், நல்லாருக்குல்ல? கரியாஹாட் நடபாதையில ஒரு அட்டைக்குப் பன்னெண்டுன்னு தொங்குற ஊக்கு அது. இத்தன வருஷத்துல ஏன் துரு ஏறலன்னு ஒருத்தரும் கேக்கல.

நேரா போய் கேளுன்னா, எப்படிண்ணே? பிசிமா தெனம் வந்து பாத்துட்டுப் போறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அது உங்கம்மாவோடது இல்லன்னு அவங்க மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது. தீபாவளிக்கு முன்னாடி நக வாங்குற நாளு, அந்தத் தன்தேரஸ் அன்னிக்குக் கடையத் தெறந்துட்டா அப்புறம் பெட்டிக்கிட்டயே யாரையும் விட மாட்டாங்க. இன்னிய விட்டா எனக்கு வழியில்ல.

அதான, ரெண்டும் ஒன்னு போல இருக்கு, எதுக்கு மாத்தணும்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். தொப்பி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், இதுலயும் அதே எடத்துல குறடு வச்சு நசுக்கிட்டேன். பிசிமாவுக்குத் தெரியாது. மஹிமாவுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது, கலந்து போட்டா.

சஹானாவுக்குத் தெரியுதுண்ணே. என் வீட்டுக்காரி. ஜூலையில ஒருநா காலைல தல வலிக்குதுன்னா, மதியம் மூளையில ரத்தக்குழா வெடிச்சிருச்சுன்னாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மேல இருக்குற இரும்பு, தங்கம் எல்லாத்தையும் கழட்டி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு என் கைல குடுத்தாங்க. தாலிக்கொடியும் மெட்டியும் பீரோவுக்குப் போச்சு. ஊக்கு என் சட்டப் பையிலயே தங்கிருச்சு. எந்திரிச்சுப் போக முடியாத எடம்னேன்ல, அது ஐசியு வாசல். நான் வரைஞ்ச தாளு மருந்துக் கடை சீட்டு.

இப்ப டாலிகஞ்ச்ல ஒரு எடத்துல வச்சு பயிற்சி குடுக்குறாங்க. நடக்குறா. பேச்சு மட்டும் இல்ல, நாலு மாசமா ஒரு வார்த்த இல்ல. என்னையப் பாப்பா, பஸ்ல எதுத்தாப்புல உக்காந்திருக்குறவங்களப் பாக்குற மாதிரி. போன ஞாயித்துக்கெழம தாலிக்கொடியக் கொண்டு போய் கழுத்துல போட்டு விட்டேன். கொஞ்ச நேரம் தடவிக்கிட்டே இருந்தா. அப்புறம் மொத தடவயா வாயத் தொறந்து கேட்டா, ஊக்கு எங்கன்னு.

பன்னெண்டு ஊக்கு வாங்கிட்டுப் போனேன். ஒன்னொன்னா பாத்துத் திருப்பிக் குடுத்தா. அவ பல்லால கடிச்சுத் தொறக்குறவ, அதான் அந்தத் தொப்பி நசுங்கல். சரின்னு ஒன்ன குறடால நசுக்கிக் கொண்டு போனேன், இதோ இதேதான். நாக்கால தொட்டுப் பாத்துட்டு இதையும் என் கைல வச்சுட்டா. எனக்கு அங்கயே அழுக வந்துருச்சு.

என் பேரு இன்னும் அவ வாயில வரல. பரவால்ல, அது மெதுவா வரட்டும். சாவி இதுவா, இல்ல அந்தப் பித்தளச் சாவியாண்ணே? டாலிகஞ்ச்ல நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. இப்பக் கெளம்புனா மெட்ரோவப் புடிச்சுருவேன்.