பிரட்டில் ஊற்றிய பால்

என் மருமகள் சுமதியின் பிரட் மாவில் அவளுக்குத் தெரியாமல் பசும்பால் ஊற்றிப் பிசைந்து வந்தேன். அவள் பாலை அறவே விட்ட வீகன். வெறும் தண்ணீரில் பிசைந்த கோதுமை பிரட் என் பல்லுக்குக் கடினமாக இருந்தது, அதுதான் காரணம். மெத்தென்று வந்ததில் மகிழ்ந்து, அவள் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள்.

போன வாரம் மெட்ரோவில் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சுமதி குடுத்த பிரட்டைத் தின்னா என் பொண்ணுக்கு உதடு வீங்குதுடி."

"அவளுக்குப் பால்தானே ஆகாது? அது வீகன் பிரட்டாச்சே!"

"அதான் புரியல. கோதுமையும் ஆகலையோ என்னமோ."

"ஈஸ்ட்டா இருக்குமோ?"

"தெரியல. நாளைலேர்ந்து சப்பாத்தியும் பந்த். கஞ்சிதான்."

"அரே, கஞ்சி குடிக்கவா டில்லிக்கு வந்தோம்?"

பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. நான் கரோல் பாக்கில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், கேட்டதையும் பால் ஊற்றியதையும் சுமதியிடம் சொன்னேன். உடனே அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தாள். "அதுல பால் இருந்துதுக்கா. தப்பு எங்களோடதுதான்" என்றாள். போனை வைத்துவிட்டு, "நானும்தானே மாமா சாப்பிட்டேன்?" என்று கேட்டாள்.

மறுநாள் அவளே வெறும் தண்ணீரில் பிசைந்து சுட்டு, அந்த வீட்டுக்கு எடுத்துப் போனாள். பிரட் அப்படியே திரும்பி வந்தது. அதைத்தான் இந்த வாரம் முழுக்க மென்றுகொண்டிருக்கிறேன்.