தொங்கும்போது இறுக்கியது

“வண்டி தொங்கும்போது இறுக்கினியா, நிக்கும்போது இறுக்கினியா மாப்ள?”

சிங்கப்பூரில் அன்றும் வேலை தேடிக் கிடைக்காமல் குவீன்ஸ்டவுன் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பேர், கையெல்லாம் கிரீஸ்.

“ஜாக்குல தூக்கி வச்சுத்தான் மச்சான். ரேலி பந்தயக் காருக்குப் புதுசா பின்பக்க சஸ்பென்ஷன், எல்லா போல்ட்டும் செம டைட்.”

“சக்கரம் தரையில நின்னப்புறம்தான் கடைசியா இறுக்கணும். இல்லாட்டி உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும். செம்மண் ரோட்டுல குதிச்சா கிழிஞ்சிடும்.”

“பந்தயத்துக்கு மலேசியா, ஜொகூர் போய்ப் பாத்துக்கலாம் லா. பயந்தா ரேலி ஓட்ட முடியுமா?”

“நீ ஓட்டு. பக்கத்துல உக்காந்து வழி சொல்லப் போறது என் தங்கச்சி.”

மாப்பிள்ளை எழுந்து, இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

“பட்டறைக்குத் திரும்ப எதிர்ப் பக்கம் பஸ் உடனே வருமா மச்சான்?”